கோந்து மீசை

பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்கு வருகிற பஸ்ஸில், எனக்குப் பின்சீட்டில் இரண்டு பெண்கள் காலி மீன்கூடைகளை மடியில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டு வந்தார்கள்.

"மீசை வச்சிக்கினு ஆடுதே அந்தப் பொண்ணு, அதுக்குக் கண்ணாலம் ஆயிடுச்சா?"

"எங்கே? அதுக்கு மாப்ள பாக்கறதா, பொண்ணு பாக்கறதான்னு அவங்க வூட்லயே கொயப்பமாம்."

நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த மீசைக்காரப் பெண் நான்தான். தெருவில் ஆடிப் பிழைக்கிற தொழிலில் சம்பளம் போக ஒரே ஒரு வசதி உண்டு: மீசையைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டால், நம்மைப் பற்றி ஊர் பேசுவதை நாமே டிக்கெட் வாங்கி உட்கார்ந்து கேட்கலாம்.

கூட்டத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கிறவர்களே, பஸ்ஸில் 'இறக்கம் இருக்கு' என்று சத்தம்போடக் கூச்சப்பட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருகிறவர்களே, நான் உங்கள் கட்சி. கல்லூரியில் மூன்று வருடமும் வருகைப் பதிவு எடுக்கும்போது என் 'உள்ளேன் ஐயா' என் காதுக்கே கேட்டதில்லை. அப்படிப்பட்டவள் எப்படித் தெருவுக்கு வந்தேன் என்பதை உங்களைத் தவிர வேறு யார் பொறுமையாகக் கேட்பார்கள்?

நாற்காலி

எங்கள் குப்பம் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல் துண்டு. பழவேற்காட்டுக்கு வரத் தோணி ஏற வேண்டும். அந்தக் குப்பத்தில் முதல் பி.ஏ. நான். என் நைனா ஏழுமலைக்கு ஏரியில் மீன்பாடு. அம்மா நான் பள்ளிக்கூடம் போகும்போதே தவறிவிட்டார். வலையைப் பிடித்த கைக்குப் பிறந்த பெண் பேனாவைப் பிடிக்க வேண்டும் என்பது நைனாவின் ஒரே ஆசை. அதிலும் உட்கார்ந்து பிடிக்க வேண்டும்.

பழவேற்காட்டில் ஒரு சின்ன சுகாதாரச் சங்கம் இருந்தது. குப்பம் குப்பமாகப் போய், தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள், குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் உப்பு சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள் என்று தெருவில் ஆடிப் பாடிச் சொல்வார்கள். அங்கே எனக்கு எழுத்து வேலை கிடைத்தது. நிகழ்ச்சிக்கு எத்தனை பேர் வந்தார்கள், என்ன சந்தேகம் கேட்டார்கள் என்று நோட்டில் குறிக்க வேண்டும். முதல் நாள் நைனாவே என்னைக் கொண்டுவந்து விட்டார். ஆபீசுக்குள் நுழைந்ததும் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. நேராக என் நாற்காலியிடம் போனார். தோணி வாங்குகிறவர் பலகையைத் தட்டிப் பார்ப்பதுபோல அதன் முதுகைத் தட்டினார், நான்கு கால்களையும் அசைத்துப் பார்த்தார், ஒருமுறை உட்கார்ந்தும் எழுந்தார். அப்புறம் வாசலில் வைத்து என்னிடம் சொன்னார்:

"தோ பாரு கோமளா. இந்த நாற்காலில உக்காந்து எழுதற வேலைன்னா செய்யி. எழுந்து நின்னு செய்யற வேலைன்னா வோணாம். ஆரம்பாக்கத்துல ஐஸ் டிப்போ வச்சிக்கினு ஒரு பையன் கீறான், தை மாசம் வரிக்கும் நமக்காகக் காத்துக்கினு இருப்பாங்களாம்."

மீசை வந்த வழி

எங்கள் குழுவுக்குத் தலைவி மெஹர் அக்கா. அவர் வீட்டில் ஒரு காலத்தில் கப்பல் இருந்ததாம், இப்போது தையல் மெஷின் இருக்கிறது. பாட்டு கட்டுவது, பாடுவது, உடை தைப்பது எல்லாம் அவர்தான். அந்தோணி அண்ணன் தப்பட்டை அடிப்பார். பாக்கியம் என்று என் வயதுப் பெண் மனைவியாக ஆடுவாள். கணவனாக ஆடிக்கொண்டிருந்தவர், நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம், சினிமாவில் சேரப்போகிறேன் என்று மெட்ராஸுக்கு ரயில் ஏறிவிட்டார். அன்று சாயங்காலமே ஒரு குப்பத்தில் நிகழ்ச்சி. மெஹர் அக்கா ஆபீசைச் சுற்றிப் பார்த்தார். நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன்.

"அக்கா, காலேஜ் விழாவுல சிறப்பு விருந்தினருக்கு மாலை போடச் சொன்னாங்க. மேடை வரைக்கும் போயி மாலையோட திரும்பி வந்துட்டேன்" என்றேன். உண்மை அது. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் கிழிந்த நைலான் வலை ஒன்றைப் பிரித்துக் கறுப்பு நூலாக்கினார், ஒரு துணித் துண்டில் வைத்துத் தைத்தார், ஆபீஸ் கோந்து பாட்டிலை எடுத்து என் மேலுதட்டில் தடவி ஒட்டினார். கண்ணாடியைக் காட்டினார். அதில் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு நைனா இல்லை, ஆரம்பாக்கம் இல்லை, அவன் பி.ஏ. படிக்கவில்லை, அவனை யாருக்கும் தெரியாது. அந்தோணி அண்ணன் தப்பட்டையைச் சூடு காட்டிவிட்டுச் சும்மா இரண்டு தட்டு தட்டிப் பார்த்தார். அந்த ஆளின் கால் ஆடியது. நான் குனிந்து பார்த்தேன், அது என் கால்தான்.

மெஹர் அக்கா பெட்டியைப் பூட்டிக்கொண்டே சொன்னார்:

"கோமளா காணாமப் போயிட்டா. யாரும் தேடாதீங்க, தோணிக்கு நேரமாச்சு."

முதல் ஆட்டம்

எங்கள் ஆட்டத்தின் கதை இவ்வளவுதான். கணவன் ஏரியில் வலை இழுக்கிறான். வீட்டுக்கு வருகிறான். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. அவன் பதறுகிறான், மனைவி பதறாமல் உப்பு சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக் கொடுக்கிறாள். முதல் நாள் நான் வலை இழுக்க ஆரம்பித்து நான்கு எட்டு வைப்பதற்குள் ஒரு பெரியவர் எழுந்து "நிறுத்து!" என்றார். தப்பட்டை நின்றது. பெண் பிள்ளை மீசை வைத்துக்கொண்டு தெருவில் ஆடுவதாவது என்று கேட்கப்போகிறார், இத்தோடு வேலை போயிற்று, ஐஸ் டிப்போதான் என்று நினைத்தேன்.

அவர் என் மீசையைப் பார்க்கவே இல்லை. என் கையைப் பார்த்தார். "வலை இழுக்கிறியா, கெணத்துல தண்ணி சேந்தறியா? கையால இழுக்காதே. இடுப்பால இழு" என்றார். இன்னொருவர் வந்து, இடுப்பில்லை, தொடையில்தான் பலம் என்றார். மூன்றாமவர் தன் மச்சான் இழுக்கிற மாதிரி இழுத்துக் காட்டினார். அந்த மச்சான் எழுந்து, நான் அப்படியா இழுக்கிறேன் என்று சண்டைக்கு வந்தார். அரை மணி நேரம் குப்பத்து ஆண்கள் அத்தனை பேரும் மணலில் இல்லாத வலையை இழுத்தார்கள். அன்று என் நோட்டில் நான் எழுதியது: 'வந்தவர்கள் எண்பது பேர். வலை பற்றிக் கேட்ட சந்தேகங்கள் ஒன்பது. வயிற்றுப்போக்கு பற்றி ஏதுமில்லை.' கிளம்பும்போது அந்த முதல் பெரியவர் தோணி வரைக்கும் வந்து என்னிடம் அன்பாகச் சொன்னார்:

"நீ இழுக்கற இழுப்புக்கு மீனு ஓடிப்போவாதும்மா. நின்னு சிரிச்சிட்டுத்தான் போவும்."

விறகு

அந்தச் சொல் உறைத்தது. வாரம் முழுக்கப் பழவேற்காட்டிலேயே தங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஏரிக்கரையில் உட்கார்ந்து, முழங்கால் தண்ணீரில் வலை இழுக்கிறவர்களையே பார்த்தேன். நைனா, "காத்து வாங்குது பொண்ணு, ஆபீஸ்ல உக்காந்து உக்காந்து முதுகு புடிச்சிக்கிச்சு போல" என்று பக்கத்துத் தோணிக்காரரிடம் பெருமையாகச் சொல்வது கேட்கும்.

மற்றதைப் பாக்கியத்திடம் படித்தேன். அவள் வீட்டார் ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள். பிடித்த இறாலைப் போடுகிற ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவுத் தண்ணீரில் காலால் இறாலைத் தேடிப் பக்கவாட்டில் நகர்வாள். கரையில் நடந்தாலும் அவள் கால் அப்படித்தான் தேடிக்கொண்டே நடக்கும். எழுதப்படிக்கத் தெரியாது. நான் அவளுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுத்தேன், அவள் எனக்குக் கீழே பார்க்காமல் கால் வைக்கச் சொல்லிக் கொடுத்தாள். என் புது வலை இழுப்பைப் பார்த்துவிட்டு, "இது எங்கியோ பாத்த காலு மாதிரி கீதே" என்றாள். நானும் யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை.

அவளுடைய சொந்தக்காரர்கள் இருக்கிற ஊரில் ஆடினோம். 'தண்ணியைக் காய்ச்சிக் குடி' என்று மெஹர் அக்கா பாடியதும், ஈரச் சேலையோடு வந்து நின்ற ஒரு அம்மா கேட்டார்: "ஏம்மே பாக்கியம், நாள் பூரா தண்ணில நின்னுட்டு வரேன். காய்ச்சறதுக்கு வெறகு யாரு, உன் மீசைப் புருசன் கொணாந்து குடுப்பானா?" பாட்டு நின்றுவிட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பார்த்தது கோமளாவையாக இருந்தால் ஓடியிருப்பாள். மீசைக்காரன் தலைப்பாகையை அவிழ்த்துச் சும்மாடு கட்டினான், அந்தோணி அண்ணனைப் பார்த்துத் தலையசைத்தான், ஆடிக்கொண்டே கூட்டத்தைப் பிளந்து போய், வேலிக்காத்தான் முள்ளில் கையைக் கிழித்துக்கொண்டு ஒரு கட்டுச் சுள்ளியைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடிக்கொண்டே திரும்பி வந்தான். யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்காத முதல் அடி அது. அன்றிலிருந்து எல்லா ஊரிலும் கணவன் விறகு கொண்டுவந்தான். நான் சுள்ளிக் கட்டை அந்த அம்மாவின் காலடியில் இறக்கி வைத்தபோது, அவர் மற்ற பெண்களைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"பாத்துக்கினீங்களாடி? பொம்பள மீசை வச்சாத்தான் வெறகு வூடு வந்து சேருது."

நண்டு டிஸ்கோ

அந்த நாளில் டிஸ்கோ என்ற சொல் எங்கள் ஏரிவரைக்கும் வந்துவிட்டது, ஆட்டம்தான் இன்னும் வந்து சேரவில்லை. ஒரு குப்பத்தில் பெல்பாட்டம் போட்ட நான்கு இளைஞர்கள், ஆட்டம் ஆரம்பிப்பதற்கு முன்பே "டிஸ்கோ போடு! டிஸ்கோ போடு!" என்று கத்தினார்கள். மெஹர் அக்கா வயிற்றுப்போக்குப் பாட்டை எடுக்க எடுக்க அவர்கள் சத்தம் ஏறியது. அந்தோணி அண்ணனுக்குக் கோபம் வந்து தப்பட்டையை இரண்டு மடங்கு வேகத்தில் அடித்தார். அவர் அவர்களை அடக்க அடித்தார், மாட்டியது நான்.

எனக்குத் தெரிந்த வேகமான பிராணி நண்டு ஒன்றுதான். இரண்டு கையையும் கொடுக்காக்கி, முழங்காலை மடக்கி, பக்கவாட்டில் ஓடினேன். நின்றேன். கொடுக்கைத் தூக்கிக் காட்டினேன். மறுபடி எதிர்ப்பக்கம் ஓடினேன். பெல்பாட்டக்காரர்கள் வரிசையாக என் பின்னால் நண்டாகிவிட்டார்கள். அதோடு அந்தக் குப்பத்தில் உப்பு சர்க்கரைத் தண்ணீர் எப்படிக் கலப்பது என்பதை நண்டு மாதிரி நடந்துகொண்டே மனப்பாடமாகச் சொன்னார்கள். முடிந்ததும் அவர்களில் ஒருவர் மரியாதையாக என்னிடம் வந்து, "ஷோக்கா ஆடினீங்கண்ணே" என்று ஒரு பீடியை நீட்டினார். நான் பயத்தில் மீசையைக் கழற்றிவிட்டேன். அவர் பீடியைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு சொன்னார்:

"ஒட்டினா அண்ணே, கயட்டினா அக்கா. நாங்க இன்னான்னு கூப்புடறது, நீங்களே ஒரு முடிவா சொல்லிடுங்க."

ஸ்டாம்பு

வாரத்துக்கு நான்கு நாள் கோந்து தடவினால் மேலுதடு என்ன ஆகும் என்று யோசிக்காமல் இருந்துவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நைனா என் முகத்தை உற்றுப் பார்த்தார். "இன்னாம்மா, ஒதடு செவந்துகீது?"

எனக்குப் பொய் வராது. கோந்து என்ற சொல்தான் வந்தது. "ஆபீஸ்ல... கோந்து. ஸ்டாம்பு ஒட்டற வேலை ஜாஸ்தி" என்றேன். நைனாவின் முகம் மலர்ந்துவிட்டது. ஒரு பெண்ணின் உதடு புண்ணாகும் அளவுக்குக் கடிதம் போகிற ஆபீஸ் எவ்வளவு பெரிய ஆபீசாக இருக்க வேண்டும்! அன்று சாயங்காலத்துக்குள் குப்பம் முழுவதும் அந்தச் செய்தி போய்விட்டது. அடுத்த ஞாயிறு அவர் எனக்காக ஒன்று செய்து வைத்திருந்தார். தைலம் வருகிற சின்னத் தகர டப்பாவைத் தேய்த்துக் கழுவி, அடியில் பஞ்சை வைத்து, நல்ல தண்ணீரில் நனைத்து வைத்திருந்தார். "ஸ்டாம்ப நாக்குல தொடாதே, ஒதட்டுல தொடாதே. இதுல ஒத்தி எடு. எடுத்து ஒட்டு. ஒட்டிட்டுப் பெருவெரலால கொஞ்ச நேரம் அமுக்கிப் புடி" என்று செய்தும் காட்டினார்.

அந்த டப்பாவை நான் மீசைக்குத்தான் வைத்துக்கொண்டேன். காய்ந்த கோந்தை ஈரப் பஞ்சில் ஒற்றினால் மறுபடி ஒட்டியது. உதடும் ஆறியது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்பு அந்த டப்பாவைத் திறக்கும்போது மட்டும் மீசைக்காரனுக்கும் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. புரட்டாசியில் ஒரு ஞாயிறு, சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது நைனா தானாகச் சிரித்தார். அக்கரையில் ஒரு பெண் மீசை வைத்துக்கொண்டு ஆடுகிறதாமே, நண்டு மாதிரி ஓடுகிறதாமே, சந்தையில் எல்லோரும் அதே பேச்சாம். எனக்கு மீன்முள் தொண்டையில் நின்றுவிட்டது. முதுகில் தட்டிக்கொண்டே நைனா சொன்னார்:

"எவன் பெத்த பொண்ணோ! உங்க ஆபீஸ் பக்கம் வந்துச்சுன்னா நீ அத்தோட சேராதே, இன்னா?"

சீட்டு

மழை பிடித்துக்கொண்டால் ஏரியில் தோணி போக முடியாது. அதற்கு முன் எங்களிடம் ஒரே ஒரு நாள்தான் மிச்சம் இருந்தது. அந்த ஒரு நாளுக்கு மூன்று குப்பங்கள் ஆட்டம் கேட்டன. எங்களுக்குத்தான், எங்களுக்குத்தான் என்று மெஹர் அக்காவின் தையல் மெஷினைச் சுற்றி மூன்று ஊர்த் தலைவர்களும் நின்றார்கள். அதில் ஒரு குப்பம் எங்களுடையது. நான் அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

எங்கள் ஏரியில் இப்படிப்பட்ட சண்டைக்கு ஒரே ஒரு வழக்கம்தான் உண்டு. எந்த நாள், எந்த இடத்தில், யார் வலை விடுவது என்பதைச் சீட்டுப் போட்டுத்தான் முடிவு செய்வார்கள். பாடு போடுவது என்று அதற்குப் பெயர். சீட்டில் வந்தால் வந்ததுதான். அண்ணன் தம்பியாக இருந்தாலும் அதற்குமேல் பேச்சில்லை. "மீனுக்குப் போடறத ஆட்டத்துக்கும் போட்டுடலாம்" என்றார் ஒரு தலைவர். "படிச்ச பொண்ணு ஒண்ணு இங்க கீதே, அது எழுதட்டும்" என்றார் எங்கள் ஊர்த் தலைவர். அவருக்கு நான் நாற்காலியில் எழுதுகிற கோமளா மட்டும்தான். என்னை அலமாரிக்குப் பின்னாலிருந்து இழுத்து வந்தார்கள்.

மூன்று துண்டுக் காகிதம். எங்கள் ஊர்ப் பெயருக்குப் பதிலாக வேறு ஊரை இரண்டு முறை எழுதினால் யாருக்கும் தெரியாது. என் சம்பளம், என் ஆட்டம், தை மாதம் எல்லாம் அந்தப் பென்சில் நுனியில் இருந்தன. ஆனால் பாடு போடுகிற சீட்டில் கை வைப்பது எங்கள் ஆட்களுக்கு உண்டியலில் கை வைப்பது போல. நைனாவின் வருடம் முழுவதும் அப்படியொரு சீட்டை நம்பித்தான் ஓடுகிறது. மூன்று ஊரையும் சரியாக எழுதிச் சுருட்டிச் செம்பில் போட்டேன். ஊர்க்காரராக இல்லாதவர் எடுக்கட்டும் என்று மெஹர் அக்காவை எடுக்கச் சொன்னார்கள். அவர் எடுத்துப் பிரித்தார். படித்துவிட்டு முதலில் என்னைப் பார்த்தார்.

அவர்கள் போனதும், அந்தோணி அண்ணன் மீசை ஒட்டிக்கொண்டு ஆடட்டுமே என்றேன். "தப்பட்டைய உன் நைனாவா வந்து அடிப்பாரு?" என்றார் அந்தோணி அண்ணன். நான் அழ ஆரம்பித்தேன். மெஹர் அக்கா ரொம்ப நேரம் யோசித்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தார்:

"ஒண்ணு பண்ணலாம். மீசையைப் பெரிசா வச்சிடலாம்."

எங்கள் குப்பம்

வலை உலர்த்துகிற மணல்திட்டில், சாயங்காலம் நான்கு மணி. ஆபீஸ் வேலை இருக்கிறது, இந்த வாரம் வரமாட்டேன் என்று நைனாவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். அவர் முன்வரிசையில், ஊர்த் தலைவர் பக்கத்தில், தோளில் துண்டோடு உட்கார்ந்திருந்தார். புது மீசை பழையதைப் போல இரண்டு பங்கு. கன்னத்தில் பாதியை மறைத்தது. தலைப்பாகையைப் புருவம் வரை இறக்கிக் கட்டியிருந்தார் மெஹர் அக்கா. பெட்டியும், கோந்து பாட்டிலும், தகர டப்பாவும் தப்பட்டைக்குப் பக்கத்தில் மணலில் இருந்தன. நான் பிறந்த ஊரில் என்னை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

வலை இழுக்க ஆரம்பித்தேன். வலது காலைத் தூக்கி இரண்டு மிதி. இடது தோள் ஒரு சாய்ப்பு. யாரோ கூப்பிட்ட மாதிரி பின்னால் ஒரு திரும்பல். அப்புறம் இடுப்பிலிருந்து ஒரு இழுப்பு. எத்தனையோ ஊரில் ஆடிய அதே அடி. இரண்டாவது இழுப்பில் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"டேய், இது நம்ம ஏழுமல இழுப்புடா!"

"ஆமாண்டா! அந்தத் திரும்பறதப் பாரு, அப்படியே அவன்!"

குப்பமே சிரித்தது. எல்லோரும் நைனாவைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், மறுபடி நைனாவைப் பார்த்தார்கள். பாக்கியம் எங்கேயோ பார்த்ததாகச் சொன்ன காலை அப்போதுதான் நானும் பார்த்தேன். நிறுத்தியிருக்கலாம். தப்பட்டை நிற்கவில்லை, அதனால் காலும் நிற்கவில்லை. நைனா சிரிக்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது இழுப்பில் வேர்வையும் மீசையின் கனமும் சேர்ந்துகொண்டன. மீசை மணலில் விழுந்தது.

தப்பட்டை நின்றது. "ஐயோ, கோமளாடி!" என்று ஒரு பெண் குரல் கேட்டது. "பி.ஏ. படிச்ச பொண்ணு" என்றது இன்னொரு குரல். மீசைக்காரன் போய்விட்டான். இல்லாத வலையைப் பிடித்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன்.

நைனா எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்தார். குனிந்து மீசையை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். மணலை ஊதினார். தப்பட்டைப் பக்கம் பார்த்தவர், கோந்து பாட்டிலையும் அதன் பக்கத்தில் இருந்த தகர டப்பாவையும் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அங்கே போய் உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து, மீசையின் பின்பக்கத்தை ஈரப் பஞ்சில் ஒற்றி எடுத்தார். என்னிடம் வந்து, அதை என் மேலுதட்டில் நேராக வைத்து, ஸ்டாம்பை அமுக்குவதுபோலப் பெருவிரலால் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடித்திருந்துவிட்டு, தன் இடத்துக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்து, அந்தோணி அண்ணனைப் பார்த்து 'அடி' என்று கையைக் காட்டினார்.